ஹார்னஸ் ரேஸ் குதிரைல 2% ஷேர், 14 மாசம்: க்ளப், ட்ரக் டெஸ்டிங், சஸ்பென்ஷன் எல்லாத்துக்கும் சேத்து என் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், குதிரை மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. நாலு வயசு ஜெல்டிங் (காயடிச்ச ஆண் குதிரை), பேசர் (பேஸ்ங்கற நடைல ஓடறவன்), காதுக்குப் பின்னாடி தடவிக் குடுத்தா தலைய அப்படியே நம்ம தோள்ல சாச்சுடுவான். நான் எழுதறது அவன்ல எனக்கு 2% ஷேர் வித்த க்ளப்ப பத்தி, "எல்லாம் டெஸ்டிங் இருக்கு, பயப்படாதீங்க"னு அந்த க்ளப் காட்டின ட்ரக் டெஸ்டிங்க பத்தி, அப்புறம் ஒரு ட்ரெயினர சஸ்பெண்ட் பண்ணதுக்கு அப்புறம் அந்த லாயத்துல என்ன நடக்குதுங்கறத பத்தி. க்ளப் பேரையும் ட்ரெயினர் பேரையும் போடல. இப்படி நடக்கறது இந்த ஒரு இடத்துல மட்டும் இல்ல, அதனால பேரு முக்கியம் இல்ல, எத பாக்கணும்ங்கறது தான் முக்கியம்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹார்னஸ் ரேஸ்ல குதிரை முதுகுல யாரும் உக்கார மாட்டாங்க, பின்னாடி சல்கினு ரெண்டு சக்கர வண்டி, அதுல ட்ரைவர். குதிரை ஸ்டாண்டர்ட்பிரெட் ஜாதி, நாலுகால் பாய்ச்சல்ல ஓடக்கூடாது, ட்ராட் (குறுக்கெதிர் கால்கள ஜோடியா எடுத்து வைக்கறது) அல்லது பேஸ் (ஒரே பக்கத்து முன்கால் பின்கால் சேந்து போறது), இந்த ரெண்டுல ஒரு நடைல தான் ஒரு மைல் ஓடணும், நடை மாறினா உடனே ஓரமா இழுத்துக்கணும். இதுல இன்னொரு விஷயம், தரோபிரெட் (முதுகுல ஜாக்கி உக்காந்து ஓட்டற ரேஸ் குதிரை) மாதிரி மாசத்துக்கு ஒரு தடவ இல்ல, சீசன்ல கிட்டத்தட்ட வாரா வாரம் ஓடுவாங்க. மருந்து பிரச்சனைக்கு பாதி காரணம் இங்க தான் இருக்குனு நான் நினைக்கறேன். வாரா வாரம் ஓடற உடம்புக்கு வீக்கம், வலி, மூச்சு பிரச்சனை எல்லாம் வரும், வெட் (குதிரை டாக்டர்) வந்து ஊசி போடத்தான் வேணும், ஆனா அடுத்த ரேஸுக்குள்ள அந்த மருந்து உடம்புல இருந்து இறங்கணும். நல்ல ட்ரெயினருக்கே அந்த நாள் கணக்கு கஷ்டம், கெட்ட எண்ணம் இருக்கறவனுக்கு அதுவே ஒரு நல்ல சாக்கு.

நான் ஷேர் வாங்கினது கனடால, ஒன்டாரியோ மாகாணத்துல ஓடற குதிரைல. இங்க யூரின், பிளட் டெஸ்டிங்க நடத்தறது கனடியன் பாரி-மியூச்சுவல் ஏஜென்சி, அது ஃபெடரல் அரசாங்கத்தோடது. அதுக்கு காசு எங்க இருந்து வருதுன்னா, கட்டற ஒவ்வொரு டாலர்லயும் 0.8 சென்ட் லெவியா எடுக்கறாங்க. அதாவது பந்தயம் கட்டறவங்க காசுல தான் டெஸ்ட்டே நடக்குது. பாசிட்டிவ் வந்தா சர்டிஃபிகேட் குடுக்கறதோட ஏஜென்சி வேலை முடிஞ்சது, தண்டனை குடுக்கறது மாகாணத்தோட ஏஜிசிஓ, அதாவது ஆல்கஹால் அண்ட் கேமிங் கமிஷன் ஆஃப் ஒன்டாரியோ. டெஸ்ட் பண்றவங்க வேற, தண்டிக்கறவங்க வேற, இந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப பிடிச்சது. தீர்ப்பு சரியில்லனா மேல்முறையீட்டுக்கு தனி பேனலும் இருக்கு.

டெஸ்ட் எடுக்கறத நான் பாத்திருக்கேன், உள்ள விட மாட்டாங்க, டெஸ்ட் பார்ன் வாசல்ல நின்னு பாத்தேன். ரேஸ் முடிஞ்சதும் ஜெயிச்ச குதிரைய அப்படியே நேரா அங்க கூட்டிட்டுப் போவாங்க, ஜட்ஜுங்க சந்தேகப்பட்டா வேற குதிரையும் போகும். சேணம் எல்லாம் கழட்டி, குளிப்பாட்டி, தண்ணி குடுத்து, மெதுவா நடத்தி உடம்ப ஆத்தி, அப்புறம் ஒரு ஸ்டால்ல விடுவாங்க. ஒரு ஆளு நீளமான குச்சி நுனில கப்ப மாட்டிக்கிட்டு மூலைல நிப்பாரு, மெதுவா விசில் அடிப்பாரு, விசில் சத்தம் கேட்டா யூரின் போறதுக்கு பழக்கி வச்சிருக்காங்க. சில குதிரை அஞ்சு நிமிஷத்துல குடுத்துடும், சிலது ஒரு மணி நேரம் ஆனாலும் குடுக்காது, அப்ப கழுத்து நரம்புல இருந்து ரத்தம் மட்டும். சாம்பிள ட்ரெயினரோட ஆளு கண்ணு முன்னாடியே சீல் பண்ணி, நம்பர் போட்டு, கையெழுத்து வாங்கறாங்க. லேபுக்கு போற பாட்டில்ல குதிரை பேரும் கிடையாது, ட்ரெயினர் பேரும் கிடையாது, வெறும் நம்பர். அந்த ராத்திரி நான் பாத்த வரைக்கும் யாரும் அவசரப்படல, யாரும் அலட்சியமா இல்ல, மழைல நனைஞ்சுகிட்டே அந்த சீல ரெண்டு தடவ சரி பாத்தாங்க. இந்த பகுதிக்கு நான் 5-க்கு 4.5 குடுக்கறேன், மனசார.

இப்ப என் கதைக்கு வரேன்.

ஒரு ரேஸ்ல நம்ம ஆளு செகண்ட் வந்தான். வழக்கமா பர்ஸ் (ரேஸோட பரிசுப் பணம்) பங்கு 50, 25, 12, 8, 5-னு மொத அஞ்சு இடத்துக்கு பிரியும், செகண்டுக்கு 25%, அதுல என் பங்கு சின்னது தான் ஆனா சந்தோஷம் பெருசு. க்ளப் ஆப்ல போட்டோ, வீடியோ, ட்ரெயினர் பேட்டி எல்லாம் அன்னிக்கு ராத்திரியே வந்துச்சு. கொஞ்ச வாரம் கழிச்சு மாச ஸ்டேட்மென்ட்ல மைனஸ்ல ஒரு வரி, "அட்ஜஸ்ட்மென்ட்"னு மட்டும் போட்டிருந்துச்சு, தொகைய பாத்தா அந்த செகண்ட் பிரைஸ் என் பங்கு அப்படியே திரும்ப எடுத்திருக்காங்க. மெசேஜ் போட்டேன், "அக்கவுண்ட்ஸ் டீம்ட்ட கேட்டு சொல்றோம்"னாங்க. குதிரை பேரும் அடுத்த வார என்ட்ரில இல்ல, கேட்டா "ரெஸ்ட் குடுத்திருக்கோம்"னாங்க. என்னமோ சரியில்லனு பட்டு நானே ஏஜிசிஓ ரூலிங்ஸ் (தண்டனைத் தீர்ப்பு) பேஜ்ல ட்ரெயினர் பேர தேடினேன். இருந்துச்சு. டிசிஓ2 (ரத்தத்துல இருக்கற மொத்த கார்பன் டையாக்ஸைடு) அளவு லிமிட்ட தாண்டி, குதிரை டிஸ்குவாலிஃபை, பர்ஸ் திரும்பக் குடுக்கணும், குதிரை 90 நாள் ஓடக்கூடாது, ட்ரெயினருக்கு மாசக்கணக்குல சஸ்பென்ஷன், கூடவே ஃபைன்.

நான் அத படிச்சது ராத்திரி பதினொன்ரை மணிக்கு. இந்த விஷயத்த எனக்கு சொல்ல வேண்டியது க்ளப், நான் தானா தேடி தெரிஞ்சுக்கற நிலைமைல விட்டுட்டாங்க, இத இப்ப நினைச்சாலும் கோவம் வருது.

டிசிஓ2-னா என்னனு தெரியாம இத கடந்து போகாதீங்க. குதிரை கடைசி கால் மைல் முழு பலத்தோட ஓடறப்ப தசைல அமிலம் சேரும், அதனால தான் கால் கனக்கும், வேகம் குறையும். பேக்கிங் சோடாவ தண்ணில கரைச்சு, சர்க்கரை எலக்ட்ரோலைட் கலந்து குடுத்தா ரத்தத்துல காரத்தன்மை ஏறி களைப்பு தள்ளிப் போகும்ங்கறது கணக்கு, இத மில்க்ஷேக்னு சொல்வாங்க. குதிரை அத வாயால குடிக்காது, மூக்கு வழியா ட்யூப விட்டு வயித்துக்குள்ள ஊத்தணும். ட்யூப் தப்பா நுரையீரல் பக்கம் போனா குதிரை செத்துடக்கூட வாய்ப்பு இருக்கு. சரியா போனாலும் உடம்போட உப்பு சமநிலை கெட்டு, தண்ணி வத்தி, அந்த நிலைமைல தான் முழு வேகத்துல ஓட வைக்கறாங்க. சாதாரண குதிரைக்கு ரத்தத்துல, சோடா குடுத்தா ஏறற இந்த டிசிஓ2 அளவு லிட்டருக்கு 30 மில்லிமோல ஒட்டி இருக்கும், லிமிட் 37, லாசிக்ஸ் (நுரையீரல்ல ரத்தக்கசிவு வராம இருக்க போடற மருந்து) போடற குதிரைக்கு 39. நடுவுல அவ்ளோ இடம் விட்டிருக்காங்க. புல்லு தின்னு, தீவனம் மாறி 37 தாண்டறது லேசுல நடக்காது. இதுக்கு ரத்தத்த ரேஸுக்கு முன்னாடியே எடுப்பாங்க, ஏன்னா ஓடி முடிச்சதும் அளவு இறங்கிடும்.

தோள்ல தலைய சாய்க்கற அந்த குதிரையோட மூக்குக்குள்ள யாரோ ட்யூப விட்டிருக்காங்க, அதுக்கு நானும் மாசாமாசம் காசு கட்டியிருக்கேன். இந்த நினைப்பு தான் எனக்கு இன்னும் தாங்கல.

நியாயமா ஒண்ணு சொல்லணும், பாசிட்டிவ் வந்த எல்லா ட்ரெயினரும் திருடன் கிடையாது. ஹார்னஸ் ரேஸ் நடக்கற பெரும்பாலான இடத்துல அடிப்படை விதி ஒண்ணு தான், குதிரை உடம்புல என்ன இருந்தாலும் ட்ரெயினர் தான் பொறுப்பு, யாரு குடுத்தாங்கனு நிரூபிக்கணும்னு அவசியம் இல்ல. ஆனா க்ரூம் (குதிரைய பராமரிக்கற ஆளு) வலி மாத்திரை போட்டுட்டு அதே ஸ்டால்ல வைக்கோல் மேல ஒண்ணுக்கு போயி, குதிரை அந்த வைக்கோல தின்னா கூட சாம்பிள்ல தெரியும், இப்ப லேப் மெஷினுங்க அவ்ளோ நுணுக்கம். கொக்கோ தோல் கலந்த தீவனத்துல இருந்து தியோப்ரோமின் வந்த கேஸ் உண்டு. நாள் கணக்கு ஒரு நாள் தப்பி, வழக்கமான வீக்க மருந்து மிச்சம் இருந்து மாட்டறவங்களும் உண்டு. அவங்க மேல எனக்கு இரக்கம் உண்டு, ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கணும்னு நினைக்கறேன், ஏன்னா "எனக்குத் தெரியாது"னு சொல்லி தப்பிக்க விட்டா அப்புறம் யாருக்குமே எதுவும் தெரியாது. அதனால தான் மருந்துகள வகை வகையா பிரிச்சு, வைத்தியத்துக்கு பயன்படறதுக்கு கம்மியாவும் குதிரைக்கு குடுக்க காரணமே இல்லாத சரக்குக்கு அதிகமாவும் தண்டனை வச்சிருக்காங்க. டிசிஓ2-ல இந்த இரக்கத்துக்கு பெருசா இடம் இல்ல, ட்யூப் தானா மூக்குல ஏறாது.

சரி, சஸ்பென்ட் பண்ணியாச்சு. அப்புறம் என்ன ஆச்சு?

அடுத்த வாரம் அதே லாயத்துல இருந்து அதே குதிரைங்க, நம்மாள தவிர, அதே ட்ரக்ல, அதே க்ரூமுங்களோட வந்து ஓடுச்சு. ப்ரோக்ராம்ல ட்ரெயினர் காலம்ல மட்டும் வேற பேரு, ரெண்டாவது ட்ரெயினரா அங்கயே வேலை செஞ்சவரோட பேரு. இத இங்கிலீஷ்ல தாடினு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தையால சொல்வாங்க, நமக்கு அதுக்கு ரொம்ப நல்ல சொல் ஏற்கனவே இருக்கு, பினாமி. இத தடுக்கவும் பல இடத்துல விதி இருக்கு, சஸ்பெண்ட் ஆனவரோட மனைவி, கணவன், குடும்பத்தாளு, வேலைக்காரங்க பேருக்கு மாத்தக்கூடாது, அவர் அதுல இருந்து காசு பாக்கக்கூடாதுனு. விதி காகிதத்துல நல்லா தான் இருக்கு. ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு தனியார் பண்ணைல யாரு குதிரைக்கு ட்ரெயினிங் குடுக்கறாங்கனு யாரு போய் பாக்கறது?

எனக்கு தெரிஞ்சது எப்படின்னா, பில்லு. ட்ரெயினர் மாறி ரெண்டு வாரம் கழிச்சு வந்த ட்ரெயினிங் பில் தலைப்புல அதே பழைய கம்பெனி பேரு. க்ளப்ப கேட்டேன், "மாத்த கொஞ்சம் டைம் ஆகும்"னாங்க. அடுத்த மாசம் பேரு மாறுச்சு, ஆனா பணம் போக வேண்டிய அக்கவுண்ட் நம்பர் மாறல. ரெண்டு பில்லையும் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து க்ளப்புக்கு அனுப்பினேன், ரெகுலேட்டருக்கும் புகார் அனுப்பினேன். ரெகுலேட்டர் கிட்ட இருந்து கிடைச்சதுனு பதில் வந்துச்சு, விசாரணை விவரத்த என்கிட்ட சொல்ல முடியாதுங்கறது எனக்கு புரியுது. க்ளப் கிட்ட இருந்து என்ன வந்துச்சு தெரியுமா, "ஷேர்ஹோல்டர்ஸ் ஆபரேஷனல் விஷயங்கள்ல தலையிட வேண்டாம்"னு ஒரு மெயில்.

இதுக்கு அப்புறம் தான் நான் பழைய கேஸ்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், படிக்க படிக்க ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு, பெரிய ஆளுங்க கப்புல மாட்டறதில்ல, பேப்பர்லயும் போன்லயும் தான் மாட்டறாங்க. 2012-ல நியூயார்க்ல ஒரு பெரிய ஹார்னஸ் ட்ரெயினர் மேல 1,719 மீறல்னு கேஸ் போட்டாங்க, அத்தனைக்கும் அடிப்படை பாசிட்டிவ் டெஸ்ட் இல்ல, வெட்டோட ரெகார்டு. எந்த குதிரைக்கு எந்த தேதில என்ன ஊசினு அவரு எழுதி வச்சிருந்தத ரேஸ் தேதிகளோட ஒப்பிட்டாங்க, ரேஸுக்கு தடை செஞ்ச நேரத்துக்குள்ள போட்டது வரிசையா வெளிய வந்துச்சு. 2020 மார்ச்ல நியூயார்க் ஃபெடரல் ப்ராசிக்யூட்டர்கள் 27 பேர் மேல ஒரே நாள்ல குற்றச்சாட்டு அறிவிச்சாங்க, தரோபிரெட் ஆளுங்களும் ஹார்னஸ் ட்ரெயினர்களும் வெட்டுகளும் அதுல இருந்தாங்க. டெஸ்ட்ல தெரியாத மாதிரி தனியா தயாரிச்ச சரக்கு, அத பிடிச்சது போன் ஒட்டுக்கேட்டு. அந்த சரக்க தயாரிச்சு வித்த சேத் ஃபிஷ்மேன்ங்கற வெட்டுக்கு 2022-ல 11 வருஷம் ஜெயில் குடுத்தாங்க. இதுல சேந்த குதிரைங்க எத்தனை தடவ டெஸ்ட் பார்ன்ல நின்னு கப்புல குடுத்துட்டு க்ளீன்னு வெளிய வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதுக்காக டெஸ்டே வேஸ்ட்னு நான் சொல்லல, அந்த பேச்சு பேசறவங்கள எனக்கு பிடிக்காது. இபிஓ (சிவப்பணுவ கூட்டற ஹார்மோன்) மாதிரி சரக்கு உடம்புல தெரியறது கொஞ்ச நாள் தான், ஆனா ரத்தத்துல சிவப்பணு ஏறின பலன் வாரக்கணக்குல நிக்கும். ரேஸ் அன்னிக்கு மட்டும் சாம்பிள் எடுத்தா அது கிடைக்காது, சொல்லாம கொள்ளாம பண்ணைக்கே போய் எடுக்கணும், இப்ப பல இடத்துல அப்படி போறாங்க. நியூ ஜெர்சில மெடோலேண்ட்ஸ் ட்ராக்க நடத்தற ஜெஃப் குரால் ஒரு படி மேல போய், தன் ட்ராக் சாம்பிள ஹாங்காங் லேபுக்கு அனுப்பி கோபால்ட் (இதுவும் சிவப்பணு கூடும்னு குடுக்கற ஒரு உலோகம்) கண்டுபிடிச்சு, அரசாங்க தீர்ப்புக்கு காத்திருக்காம 2014-லயே ட்ரெயினர்கள தன் ட்ராக்ல தடை பண்ணினாரு. ஒரு தனி ஆளு கைல இவ்ளோ அதிகாரமானு சிலர் கேக்கறாங்க, கேள்வி சரி தான், ஆனா ஷேர் வாங்கினவனா எனக்கு அது நிம்மதி தான் குடுக்குது. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ்ல 2011-ல வெளிய வந்தத பாருங்க, ஹார்னஸ் ரேஸ கண்காணிக்க வேண்டிய ஸ்டீவர்டுகளே காசு வாங்கிட்டு எங்க டிசிஓ2 டெஸ்ட் இருக்காதுனு ட்ரெயினர்களுக்கு சொல்லிட்டாங்க. வேலியே பயிர மேஞ்சா எந்த லேப் என்ன பண்ணும்.

அமெரிக்கால இப்ப தரோபிரெட்டுக்கு தேசிய அளவுல ஒரே விதி, ஒரே டெஸ்டிங்னு வந்தாச்சு, ஹிசானு 2020-ல போட்ட சட்டம், மருந்து பகுதி 2023 மே மாசம் நடைமுறைக்கு வந்துச்சு. ஹார்னஸ் குதிரைங்க அதுல சேரல. இன்னும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற, அப்பீல் போட்டு ஸ்டே வாங்கிட்டா தீர்ப்பு வர்ற வரைக்கும் பல இடத்துல ட்ரெயினர் ஜம்முனு ஓட்டிட்டே இருக்கலாம். சஸ்பென்ஷன ட்ரெயினர் தனக்கு வசதியான ஓய்வு மாசத்துல கழிச்சுக்கற மாதிரி ஆகிடுது. சஸ்பென்ஷன் அமலாகற விதத்துக்கு என் மார்க் 1.5, அதுக்கு மேல குடுக்க மனசு வரல.

பந்தயம் கட்டறவங்கள பத்தியும் ஒரு வார்த்தை. பாசிட்டிவ் வந்தா பர்ஸ திரும்ப வாங்கி கீழ வந்த குதிரைகளுக்கு பிரிச்சுக் குடுப்பாங்க, ஆனா அன்னிக்கு அந்த ரேஸ்ல கட்டி தோத்தவங்களுக்கு ஒரு பைசா திரும்ப வராது, ரிசல்ட் அஃபிஷியல்னு போட்டதும் கணக்கு முடிஞ்சது. அவங்க டாலர்ல இருந்து எடுத்த லெவில தான் டெஸ்ட் நடந்து ஏமாத்தினதே தெரியுது, ஏமாந்தது மட்டும் அவங்களோட நிக்குது. நம்மாள் அன்னிக்கு செகண்ட் வந்ததால எத்தனை பேரோட சீட்டு வீணாச்சோ, எனக்கு அது உறுத்திட்டே இருக்கு.

க்ளப்புக்கு மார்க் 1. ஆப் அழகா இருக்கு, வீடியோ தெளிவா இருக்கு, லாயத்துக்கு கூட்டிட்டுப் போறாங்க, அதுக்கு அந்த ஒண்ணு. கெட்ட செய்தி வந்த அன்னிக்கு சொல்லாத எந்த சர்வீஸுக்கும் அதுக்கு மேல கிடையாது.

ஷேர் வாங்க நினைக்கறவங்க என்கிட்ட கேட்டா நான் சொல்றது இது தான். ட்ரெயினரோட ஜெயிப்பு சதவீதத்த பாத்து மயங்காதீங்க, திடீர்னு இவர் கைக்கு வந்த குதிரைங்க எல்லாம் ரெண்டே வாரத்துல ரெண்டு மூணு செகண்ட் வேகம் கூடுச்சுனா அத திறமைனு உடனே எடுத்துக்காதீங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி ரூலிங்ஸ்ல பேர தேடுங்க, ஒன்டாரியோல ஏஜிசிஓ, அமெரிக்கானா அந்தந்த மாநில கமிஷனும் யுஎஸ்டிஏ-வும் (அமெரிக்க ஹார்னஸ் ரேஸ் சங்கமான யுனைடெட் ஸ்டேட்ஸ் ட்ராட்டிங் அசோசியேஷன்) ஃபைன், சஸ்பென்ஷன வெளியிடறாங்க. ரெண்டாவது ட்ரெயினர் பேரையும் சேத்து தேடுங்க. மாசாமாசம் ட்ரெயினிங் பில்லோட ஒரிஜினலும் வெட் பில்லும் காட்டுவீங்களானு க்ளப்ப எழுத்துல கேளுங்க, மழுப்பினா அங்கயே விட்டுடுங்க. வெட் பில்ல நான் மொத நாள்லயே கேட்டிருக்கணும், எட்டு மாசம் கழிச்சு தான் கேட்டேன், கடைசி வரைக்கும் குடுக்கல.

90 நாள் முடிஞ்சு நம்மாள் திரும்ப வந்து ரெண்டு ரேஸ் ஓடினான், மூணாவது க்ளெய்மிங் ரேஸ்ல (முன்னாடியே குறிச்ச விலைக்கு அந்த ரேஸ்ல ஓடற குதிரைய வேற ஆளு வாங்கிக்கலாம்) போட்டாங்க, வேற ஒரு சின்ன லாயக்காரர் போட்டிருந்த தொகைக்கு க்ளெய்ம் பண்ணிட்டாரு. என் பங்கு காசு கைக்கு வந்துச்சு, நான் க்ளப்ல இருந்து வெளிய வந்துட்டேன். புது ட்ரெயினர் பேர தேடிப் பாத்தேன், பல வருஷத்துல ஒரே ஒரு சின்ன ஃபைன், அதுவும் என்ட்ரி பேப்பர் லேட்டா குடுத்ததுக்கு. போன வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் ஓடினத பாத்தேன், அஞ்சாவது வந்தான், கடைசி கால் மைல்ல களைச்சு தான் போனான், ஆனா வழக்கம் போல காத நல்லா நிமித்தி வச்சிருந்தான்.